பரவலா, பரப்பலா?

உலக அமைதி பற்றி எழுதப்படும் தமிழ்க் கட்டுரைகளில் தவறாது இடம்பெறும் தொடர் ஒன்று உண்டு. ‘அணு ஆயுதங்கள் உலகெங்கும் பரவி வருகின்றன’ என்பதே அத்தொடர். இடைநிலைப்பள்ளி மாணவர் எழுதும் கட்டுரையில் அதனைக் காணலாம். நாளேட்டின் தலையங்கத்தில் காணலாம். மேடைப் பேச்சிலும் கேட்கலாம். இலக்கண நோக்கில் அதில் பிழை ஏதும் இல்லை. எழுவாயும் பயனிலையும் முறையாகப் பொருந்தி நிற்கின்றன. எனினும், அத்தொடர் உண்மையை உரைக்கிறதா என்று வினவினால், இல்லை என்றே விடை கூற வேண்டியுள்ளது. அது ஏன் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘பரவுதல்’ தன்வினை, ‘பரப்புதல்’ பிறவினை. இவ்வேறுபாட்டை நாம் தொடக்க வகுப்புகளிலேயே கற்பிக்கிறோம். தீ பரவுகிறது, நோய் பரவுகிறது, நீர் பரவுகிறது. இவற்றிலெல்லாம் செய்வோன் என ஒருவனைத் தேட வேண்டியதில்லை. அப்பொருளின் இயல்பே பரவுதல். ஆனால், ‘வதந்தியைப் பரப்பினான்’ என்று கூறும்போது செய்தவன் ஒருவன் உளன் என்பது வினைச்சொல்லிலேயே விளங்கிவிடுகிறது. 1968-இல் நாடுகள் கையொப்பமிட்ட உடன்படிக்கையைத் தமிழில் ‘அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம்’ என்று வழங்குகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் சொல்லும், உயிரணுக்கள் தாமே பெருகுவதைக் குறிக்க அறிவியலார் ஆளும் சொல்லே ஆகும். அங்கும் செய்வோன் இல்லை. இங்கும் செய்வோன் இல்லை. குற்றம் நிகழ்ந்திருக்கிறது, குற்றவாளியைக் காணோம். மொழியே அவனை ஒளித்து வைத்திருக்கிறது.

அணுகுண்டு தானே பரவுமா?

இவ்வினாவுக்கு விடை காண, அப்பொருள் எவ்வாறு உருவாகிறது என்பதைச் சிறிது அறிதல் வேண்டும். மண்ணிலிருந்து எடுக்கப்படும் யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் வகையான யுரேனியம்-235 நூற்றுக்கு 0.7 பங்கு அளவிலேயே உள்ளது. மின் உற்பத்தி செய்யும் உலைகளுள் பெரும்பாலானவற்றிற்கு அது 3 முதல் 5 பங்கு இருந்தால் போதும். குண்டு செய்ய விரும்புவோர் அதனை ஏறத்தாழ 90 பங்காக உயர்த்துகின்றனர். இதற்கு யுரேனியத்தை ஒருவகை வாயுவாக மாற்றி, நீண்ட உருளைகளுக்குள் செலுத்திச் சுழற்றுகின்றனர். சுழற்சியில் எடை மிகுந்த அணுக்கள் உருளையின் சுவரை நாடும். எடை குறைந்தவை நடுவே தங்கும். ஒரு முறை சுழற்றினால் கிடைக்கும் வேறுபாடு மிகச் சிறிது. ஆகவே, ஆயிரக்கணக்கான உருளைகளை வரிசையாகப் பொருத்தி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வாயுவை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இதுவே மையவிலக்கு எந்திரம். அதன் உருளைச் சுவர் ஒலியின் வேகத்தையும் விஞ்சிச் சுழலும். மயிரிழை பிசகினாலும் உருளை சிதறிவிடும்.

இத்தகைய கருவிக்குச் சிறந்த அலுமினியம் வேண்டும்; உறுதிமிக்க சிறப்பு எஃகு வேண்டும்; காந்தத் தாங்கிகள், வெற்றிடக் குழாய்கள், மின்மாற்றுக் கருவிகள் வேண்டும். வரைபடத்தை ஒருவர் தருதல் வேண்டும். உலோகத்தை ஒருவர் விற்றல் வேண்டும். மற்றொருவர் அதனைக் கடைதல் வேண்டும். இன்னொருவர் பெட்டியில் அடுக்கிக் கப்பலேற்றுதல் வேண்டும். இவ்வளவுக்கும் பணம் கைமாறுதல் வேண்டும். ஒவ்வொரு படியிலும் மனிதக் கை இருக்கிறது. எனவே, அணு ஆயுதம் பரவுவதில்லை, பரப்பப்படுகிறது. இன்னும் திருத்தமாகச் சொல்வதாயின், அதனைச் சிலர் பரப்புகின்றனர்.

மொழிபெயர்ப்பாளராக வந்தவர்

இதற்குச் சான்றாக அப்துல் காதிர் கானின் வரலாற்றை எடுத்துக்கொள்ளலாம். அவர் 1936-இல் போபாலில் பிறந்தவர். 1952-இல் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தவர். பின்னர் ஐரோப்பாவில் உலோகவியல் கற்று முனைவர் பட்டம் பெற்றவர். 1972-இல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பணியில் சேர்ந்தார். பிரிட்டன், நெதர்லாந்து, மேற்கு ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளும் கூட்டாக நடத்திய யுரேனியச் செறிவூட்டல் நிறுவனத்திற்கு அக்கூடம் துணைப்பணி செய்துவந்தது. 1974-இல் அவருக்கு ஒரு பணி தரப்பட்டது. புதிய மையவிலக்கு எந்திரம் பற்றி ஜெர்மானிய மொழியில் இருந்த ஆவணங்களை டச்சு மொழியில் பெயர்த்தெழுதுவதே அப்பணி. உலகத்தின் மிகப் பெரிய இரகசியங்களுள் ஒன்று அவர் கைக்கு வந்தது மொழிபெயர்ப்பின் வழியாகத்தான். மொழி கற்பிக்கும் நாம் இதனை ஊன்றி நோக்க வேண்டும். மொழியறிவு தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. கொண்டவரின் நோக்கமே அதற்குப் பயன் தருகிறது.

அதே ஆண்டு மே 18-ஆம் நாள் இந்தியா பொக்ரானில் தன் முதல் அணுவெடிப்பை நிகழ்த்தியிருந்தது. கான் பாகிஸ்தான் பிரதமர் புட்டோவுக்குக் கடிதம் எழுதித் தம் உதவியை அளிக்க முன்வந்தார். 1975 டிசம்பரில் விடுமுறையில் நாடு சென்றவர் திரும்பவில்லை. 1976-இல் கஹூட்டாவில் அவர் தலைமையில் செறிவூட்டல் கூடம் உருவாகத் தொடங்கிற்று. ஐரோப்பாவில் அவர் கண்டு குறித்துக்கொண்ட வரைபடங்களும், உதிரிப்பாகம் விற்போரின் முகவரிகளுமே அதற்கு அடித்தளம் ஆயின.

இவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒருவர் உண்டு. கானோடு பணியாற்றிய பிரிட்ஸ் வீர்மன் என்னும் தொழில்நுட்பர், இரகசிய வரைபடங்கள் கானின் வீட்டில் இருப்பதைக் கண்டார், ஐயுற்றார், மேலதிகாரிகளிடம் கூறினார். அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. இறுதியில் வேலை இழந்தவரும் அவரே. ஆயினும், ‘இரகசியம் கசிகிறது’ என்று பொதுப்படக் கூறாமல், ‘இன்னார் இதனை எடுக்கிறார்’ என்று எழுவாயோடு கூறியவர் அவர் ஒருவர். ‘கசிதல்’ என்பதும் தன்வினையே என்பதை மாணவர் கருதுக.

பெட்டியின் மேல் எழுதிய பெயர்

தம் நாட்டுக்காகத் தொடங்கிய வணிகத்தைக் கானும் அவர் கூட்டாளிகளும் பிற நாடுகளுக்கும் விரித்தனர். 1987-இல் துபாயில் ஈரானோடு பேரம் நடந்தது. 1990-களில் லிபியாவும் வடகொரியாவும் வாடிக்கையாளர் ஆயின. பாகிஸ்தானின் கௌரி ஏவுகணை வடகொரியாவின் நோடொங் ஏவுகணையை ஒட்டி அமைந்தது. அதனைப் பணம் கொடுத்தே வாங்கியதாகப் பாகிஸ்தான் அரசு கூறிவந்தது. ஆனால், கான் ஏறக்குறைய இரண்டு டஜன் மையவிலக்கு எந்திரங்களை வடகொரியாவுக்கு அளித்தார் என்று அதிபராயிருந்த பர்வேஸ் முஷாரப்பே 2006-இல் வெளிவந்த தம் நினைவு நூலில் எழுதினார்.

இவ்வணிகத்தின் ஒரு கிளை நம் வாசலுக்கே வந்தது. 2003 அக்டோபரில் ‘பிபிசி சைனா’ என்னும் பெயருடைய ஜெர்மானியக் கப்பல் துபாயிலிருந்து லிபியா நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அதனை இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்திற்குத் திருப்பிச் சோதித்தனர். அதில் மையவிலக்கு எந்திரத்தின் பாகங்கள் இருந்தன. சரக்குப் பட்டியலிலோ அவை ‘பழைய எந்திர உதிரிப்பாகங்கள்’ என்று குறிக்கப்பட்டிருந்தன. அப்பாகங்கள் செய்யப்பட்ட இடம் ஷா ஆலம். அங்குள்ள துல்லியப் பொறியியல் தொழிற்சாலை ஒன்று, துபாய் நிறுவனம் ஒன்றின் பெயரில் வந்த ஆணைக்கு 14 வகைப் பாகங்களைக் கடைந்து தந்திருந்தது. 2002 டிசம்பர் முதல் 2003 ஆகஸ்டு வரை நான்கு தவணைகளில் அவை அனுப்பப்பட்டன. ஆணையின் மதிப்பு ஒரு கோடியே 30 இலட்சம் ரிங்கிட். அதனைக் கொண்டுவந்தவர் துபாயில் வணிகம் செய்த இலங்கையரான புகாரி சையது அபு தாகிர். மலேசியக் காவல்துறை 2004 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையில் இச்செய்திகள் யாவும் இடம்பெற்றுள்ளன. எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கான பாகங்கள் என்றே தொழிற்சாலை கருதியது எனவும் அவ்வறிக்கை கூறிற்று.

வேறு இரண்டு நிகழ்ச்சிகளையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் தகும். 2013 ஜூலையில் பனாமா அதிகாரிகள் ‘சோங் சோன் காங்’ என்னும் வடகொரியக் கப்பலைச் சோதித்தனர். சர்க்கரை மூட்டைகளுக்கு அடியில் கியூபாவிலிருந்து வந்த படைக்கலங்கள் இருந்தன. இரண்டு மிக்-21 போர் விமானங்களும் இருந்தன. அவை பழுதுபார்த்துத் திருப்பி அனுப்பப்பட இருந்த பழைய தற்காப்புக் கருவிகள் என்று கியூபா விளக்கம் தந்தது. 2016 ஜூலையில் சீனாவிலிருந்து எரித்திரியாவுக்கு வான்வழி சென்ற 45 பெட்டிகள் இடைமறிக்கப்பட்டன. அவற்றில் படைத்துறை வானொலிக் கருவிகள் இருந்தன. அவற்றின் மேல் பொறித்திருந்த பெயர் ‘குளோகோம்’. அது வடகொரியாவின் முகமூடி நிறுவனம் என்று ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் வல்லுநர் குழு 2017-இல் அறிக்கை தந்தது. அந்நிறுவனம் காட்டியிருந்த முகவரி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியின் ‘லிட்டில் இந்தியா’வில் இருந்தது. பூமாலையும் புடவையும் வாங்க நாம் செல்லும் இடம் அது.

பழைய உதிரிப்பாகம், சர்க்கரை மூட்டை, தகவல்தொடர்புக் கருவி என்னும் இச்சொற்களை நோக்குக. இவற்றுள் அச்சம் தரும் சொல் எதுவும் இல்லை. நம் கவிதைகளிலும் கட்டுரைகளிலும் அணு ஆயுதம் எவ்வாறு வருகிறது? அரக்கனாக வருகிறது, ஊழித்தீயாக வருகிறது, இடியாக வானிலிருந்து இறங்குகிறது. இவ்வுருவகங்கள் இரோஷிமா, நாகசாக்கி நகரங்களின் துயரத்திலிருந்து பிறந்தவை, அத்துயரம் உண்மையானது. ஆனால், அரக்கனை எதிர்பார்த்து நிற்பவன் விலைப்பட்டியலைப் பார்ப்பதில்லை. இதுவே நம் அமைதி இலக்கியத்தின் பெருங்குறை என்பது என் கருத்து. விளைவைப் பாடுகிறது, வினையை ஆராய்வதில்லை. 1945 ஆகஸ்டு 6-ஆம் நாளைப் பற்றி நூறு பாடல்கள் எழுதும் நாம், ஷா ஆலமைப் பற்றி ஒரு பத்தியேனும் எழுதியிருக்கிறோமா?

செய்தவரும் செய்வித்தவரும்

இங்கு ஒரு தடை எழலாம். கடைசல் எந்திரத்தின் முன் நின்று உலோகத்தைக் கடைந்த தொழிலாளியும் குற்றவாளியா என்று கேட்கலாம். அவ்வாறு கூறுதல் முறையன்று. அதற்கும் தமிழ் இலக்கணமே வழிகாட்டுகிறது. செய்தல் வேறு; செய்வித்தல் வேறு. உருளையைக் கடைந்தவர் செய்தவர். அது எதற்கெனத் தெரிந்து ஆணை கொடுத்தவர் செய்வித்தவர். ‘பாகங்கள் செய்யப்பட்டன’ என்னும் செயப்பாட்டு வினை இருவரையும் ஒருசேர மறைத்துவிடுகிறது. அறியாது செய்தவர் மீது பழி விழவும், அறிந்து செய்வித்தவர் தப்பிக்கவும் அதுவே வழியாகிறது. எழுவாயைத் தேடுவது எல்லாரையும் தண்டிப்பதற்காக அன்று. ஒவ்வொருவர் பங்கையும் அளந்து கூறுவதற்காக. அறியாமைக்கும் அளவு உண்டு. இது எதற்கு, இறுதியில் யாரிடம் போய்ச் சேரும் என்று கேட்கும் கடமை விற்பவருக்கு இருக்கிறது. 2004 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் நிறைவேற்றிய 1540-ஆம் தீர்மானமும், மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு வியூகப் பொருள் வணிகச் சட்டமும் அக்கடமையைச் சட்டமாக்கின. சிங்கப்பூர் 2002-ஆம் ஆண்டிலேயே அத்தகைய சட்டத்தை இயற்றியிருந்தது.

ஒருமையா, பன்மையா?

எழுவாய் இல்லாமை ஒரு குறை என்றால், தவறான எழுவாய் மற்றொரு குறை. 2004 பிப்ரவரி 4-ஆம் நாள் கான் பாகிஸ்தான் தொலைக்காட்சியில் தோன்றினார். அணுத் தொழில்நுட்பம் வெளிநாடுகளுக்குச் சென்றதற்குத் தாமே பொறுப்பு என்றும், அரசு அதற்கு அனுமதி தரவில்லை என்றும் கூறினார். அடுத்த நாளே அதிபர் அவரை மன்னித்தார். வீட்டுக்காவல் தொடர்ந்தது, ஆனால், அனைத்துலக அணுசக்தி முகமை அவரை நேரில் விசாரிக்கப் பாகிஸ்தான் இசையவில்லை. 2008-இல், பிறர் வற்புறுத்தியதாலேயே அவ்வாறு கூறியதாகக் கான் தம் சொல்லை மாற்றினார். 2009-இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2021 அக்டோபர் 10-ஆம் நாள் அவர் இறந்தபோது அரசு மரியாதையுடன் அடக்கம் நடந்தது.

‘பரவியது’ என்று கூறியபோது எவரும் இல்லை. ‘நான் செய்தேன்’ என்றபோது ஒரே ஒருவர் இருந்தார். உண்மை இவ்விரண்டிலும் இல்லை. அது பன்மையில் இருக்கிறது. விமானத்தில் ஏற்றிய எந்திரத்தையும் ஏவுகணையையும் தனிமனிதர் ஒருவர் எல்லை கடத்த இயலுமா என்று கேட்பது இயல்பே. லிபியா 2003 டிசம்பர் 19-ஆம் நாள் தன் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தபின் ஒப்படைத்த குண்டு வடிவமைப்புத் தாள்களில் சீன மொழிக் குறிப்புகள் இருந்தன. அவை இஸ்லாமாபாத்துத் தையற்கடை ஒன்றின் பைகளில் வந்திருந்தன. உதிரிப்பாகம் விற்றவர்களுள் ஐரோப்பியர் பலர். 1983-இல் டச்சு நீதிமன்றம் கானுக்கு நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அழைப்பாணை முறையாகச் சேரவில்லை என்னும் காரணத்தால் 1985-இல் அது நீக்கப்பட்டது. 1975-இலும் 1986-இலும் கானைப் பிடிக்காமல் விடுமாறு அமெரிக்க உளவுத்துறை கேட்டுக்கொண்டதாக நெதர்லாந்தின் முன்னாள் பிரதமர் ரூட் லுப்பர்ஸ் 2005-இல் கூறினார். ஆப்கானிஸ்தானில் சோவியத்துப் படை இருந்த அந்நாள்களில் அமெரிக்காவுக்குப் பாகிஸ்தானின் துணை தேவைப்பட்டது. உதவிப் பணமும் 1990 வரை சென்றுகொண்டிருந்தது. செய்தோர் சிலர்; செய்வித்தோர் சிலர்; கண்டும் காணாதிருந்தோர் பலர்.

பரவுதலின் மற்றொரு பொருள்

‘பரவுதல்’ என்னும் சொல்லுக்குப் போற்றுதல் என்ற பொருளும் தமிழில் உண்டு. இப்பொருளிலும் நாம் அணு ஆயுதத்தைப் பரவி வந்திருக்கிறோம். கானைப் பாகிஸ்தானியர் ‘அணுகுண்டின் தந்தை’ என்று கொண்டாடினர். 1998 மே 28, 30 நாள்களில் அந்நாடு அணுகுண்டுகளை வெடித்தபோது தெருக்களில் இனிப்பு வழங்கினர். அதனைக் கண்டு முகம் சுளிக்கும் முன் நாம் நம் பக்கத்தையும் நோக்க வேண்டும். அதற்கு இரு வாரங்களுக்கு முன்னர், மே 11, 13 நாள்களில், இந்தியா பொக்ரானில் வெடித்தபோது தமிழுலகில் எழுந்த மகிழ்ச்சியை எண்ணிப் பார்க்க வேண்டும். இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமும், சென்னையில் பிறந்த இராஜகோபால சிதம்பரமும் அப்பணியில் முன்னின்றனர் என்பது நம்மவர்க்குப் பெருமையாக இருந்தது.

அவர்கள் தம் அறிவை அயல்நாட்டுக்கு விற்றவர்கள் அல்லர்; இவ்வேறுபாடு பெரிது; அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆனால், 1974-ஆம் ஆண்டு வெடிப்புக்குப் பயன்பட்ட புளுட்டோனியம், டிராம்பேயில் கனடாவின் உதவியோடு கட்டப்பட்ட உலையிலிருந்து வந்தது. அமெரிக்கா அதற்குக் கனநீர் தந்தது. அமைதிப் பணிக்கு என்றே அவை தரப்பட்டன. வெடிப்பு நிகழ்ந்ததும் இந்திய அரசு அதற்கு ‘அமைதிக்கான அணுவெடிப்பு’ என்று பெயர் சூட்டியது. ஷா ஆலம் பெட்டிக்கு ‘உதிரிப்பாகம்’ என்னும் பெயர் எவ்வாறோ, அவ்வெடிப்புக்கு ‘அமைதி’ என்னும் அடைமொழி அவ்வாறே. ஒன்றைக் கண்டித்து மற்றொன்றைப் பாராட்டுவோமானால், நாம் செய்வது திறனாய்வு அன்று, சார்பு. தன் குலத்தான் செய்த வினைக்கும் அதே அளவுகோலை வைப்பவனே திறனாய்வாளன்.

ஒப்பந்தத்தின் வினைச்சொற்கள்

அதே அளவுகோலை வல்லரசுகளுக்கும் வைத்தல் வேண்டும். 1970 மார்ச் 5-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், 1967 சனவரி 1-ஆம் நாளுக்கு முன் அணுவெடிப்பு நிகழ்த்திய ஐந்து நாடுகளை மட்டும் அணு ஆயுத நாடுகளாக ஏற்றது. ஏனைய நாடுகள் அவ்வாயுதத்தைப் ‘பெறா’. ‘செய்யா’ என்று திட்டவட்டமான வினைகளால் கட்டுண்டன. ஐந்து நாடுகளுக்கோ, ஆறாம் உறுப்பு, ஆயுதப் போட்டியை நிறுத்தவும் படைக்கலம் களையவும் ‘நன்னம்பிக்கையுடன் பேச்சுவார்த்தை நடத்துவதை மேற்கொள்க’ என்று கூறுகிறது. பேச்சு நடத்தும் கடமை தெளிவாக உண்டு. முடிக்கும் நாள் இல்லை. ஒரு மாணவனிடம் ‘வீட்டுப்பாடத்தை முடித்துக் கொண்டுவா’ என்றும், மற்றொருவனிடம் ‘வீட்டுப்பாடம் பற்றிப் பேசிக்கொண்டிரு’ என்றும் சொன்னால் வகுப்பு ஒழுங்காக நடக்குமா?

நடுநிலையாகக் கூறுவதாயின், 1980-களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 70,000 ஆக இருந்த அணு ஆயுதங்கள் இன்று 12,000-க்குச் சற்று மேல் என்னும் அளவுக்குக் குறைந்துள்ளன. ஏறத்தாழ 190 நாடுகள் ஒப்பந்தத்தில் இணைந்துள்ளன. ஒப்பந்தமே இல்லாதிருப்பின் நிலை இதனினும் கேடாக இருந்திருக்கும். எனினும், அவற்றுள் பத்தில் ஒன்பது பங்கு அமெரிக்கா, இரஷ்யா என்னும் இரு நாடுகளிடமே உள்ளது. இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல் ஆகியவை ஒப்பந்தத்தில் சேரவே இல்லை. வடகொரியா 2003-இல் விலகுவதாக அறிவித்து, 2006 முதல் 2017 வரை ஆறு முறை வெடித்துச் சோதித்தது. ‘உனக்கு வேண்டாம், எனக்கு வேண்டும்’ என்னும் குரல் ஓங்கி ஒலிக்கும் உலகில்தான் கானைப் போன்றோரின் கடை திறந்திருக்கிறது. வல்லரசுகளின் தவறு கானின் வணிகத்தை நியாயமாக்காது. ஆனால், அவ்வணிகத்திற்கு வாடிக்கையாளர் ஏன் கிடைத்தனர் என்பதை விளக்கும்.

தென்கிழக்காசிய நாடுகள் 1995-இல் பேங்காக்கில் கூடி இவ்வட்டாரத்தை அணு ஆயுதமற்ற பகுதியாக்க ஒப்பந்தம் செய்தன. அணு ஆயுதங்களை முற்றாகத் தடைசெய்யும் 2017-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை மலேசியா 2020-இல் உறுதிப்படுத்தியது. இவை பாராட்டுக்குரியவை. ஷா ஆலம் நிகழ்ச்சியோ பேங்காக் ஒப்பந்தத்திற்குப் பிந்தியது. கையொப்பம் ஒன்று மட்டும் போதாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

வகுப்பறையில் செய்யத்தக்கது

இவை அரசியலாரின் வேலை. தமிழாசிரியர்க்கு இதில் என்ன பங்கு என்று சிலர் கருதக்கூடும். அரசியலாரும் தம் செயலை மொழியால்தான் மறைக்கின்றனர். அம்மறைப்பைக் காணும் கண்ணை மாணவர்க்கு அளிப்பது மொழியாசிரியரின் வேலையன்றி வேறு யாருடைய வேலை?

அதற்குப் புதிய பாடநூல் வேண்டியதில்லை. தன்வினை, பிறவினை பாடம் நடத்தும் நாளில், ‘பந்து உருண்டது, பந்தை உருட்டினான்’ என்னும் வழக்கமான எடுத்துக்காட்டுகளோடு நாளேட்டுத் தொடர்கள் மூன்றினைக் கரும்பலகையில் எழுதலாம். ‘ஆயுதங்கள் பரவுகின்றன.’ ‘இரகசியம் கசிந்தது.’ ‘பாகங்கள் அனுப்பப்பட்டன.’ இவற்றிற்கு எழுவாய் தருமாறு மாணவரைக் கேட்கலாம். பரப்பியவர் யார்? கசியவிட்டவர் யார்? அனுப்பியவர் யார், யாருக்கு அனுப்பினார், என்ன பெயரிட்டு அனுப்பினார்? விடை தெரியாத இடத்தில் கற்பனை செய்யாமல், ‘செய்தவர் பெயர் இச்செய்தியில் தரப்படவில்லை’ என்று எழுதப் பழக்க வேண்டும். ஆராயாமல் ஒருவர் மேல் பழி சுமத்துவதும் எழுவாயை மறைப்பதைப் போன்ற பொய்யே.

‘உலக அமைதி’ என்று தலைப்புத் தரும்போது, ‘சமாதானப் புறா’வும் ‘அணு அரக்க’னும் இல்லாமல் எழுதுக என்று கூறிப் பார்க்கலாம். முதலில் மாணவர் திகைப்பர். பின்னர், உண்மைச் செய்திகளைத் தேடத் தொடங்குவர். நம்மிடம் பயிலும் பிள்ளைகளுள் சிலர் நாளை ஷா ஆலமிலோ பினாங்கிலோ சிங்கப்பூரிலோ துல்லியக் கருவிகள் செய்யும் தொழிற்சாலைகளில் பணிபுரிவர். சிலர் கப்பல் சரக்குக்கான தாள்களை நிரப்புவர். சிலர் சுங்கத்துறையில் அத்தாள்களைச் சரிபார்ப்பர். ‘எந்திர உதிரிப்பாகம்’ என்னும் சொல் அவர்கள் மேசைக்கு வரும் நாள் ஒன்று வரக்கூடும். அன்று, இது எந்த எந்திரத்தின் பாகம், யார் கேட்டார், எதற்குக் கேட்டார் என்னும் மூன்று வினாக்களையும் கேட்கும் பழக்கம் அவர்களிடம் இருத்தல் வேண்டும். அப்பழக்கத்தைத் தமிழ் வகுப்பில் எழுவாயும் பயனிலையும் கற்பிக்கும்போதே நாம் தொடங்கி வைக்கலாம்.